ஆறாவது சதுரம்

இது நடந்தது. கனடாவின் ஸ்காபரோவில், மார்க்கம் வீதியில், ஒரு அப்பார்ட்மென்டின் பதினாலாம் மாடியில் நடந்தது. வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், புளியமரம் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வீடியோக் கடைக்குப் போகலாம். இதில் அப்படி ஒன்றும் வராது. இரவுகூட வராது. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. நிலாணி இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறாள். போய்க் கேட்டால் இல்லை என்பாள். தனக்கு விளங்காத எதையும் இல்லை என்று சொல்லிவிடுவது அவளுடைய பழக்கம்.

அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. தாவரவியல் படித்து முடித்தவள். முடித்த நாளிலிருந்து உலகத்து மனிதர்களைப் படித்தவர்கள், மற்றவர்கள் என்று இரண்டாகப் பிரித்துவிட்டாள். பிறகு படித்தவர்களிலும் முக்கால்வாசிப் பேரைத் தூக்கி மற்றவர்களோடு சேர்த்துவிட்டாள். அண்ணன் ராகுலன் தொழிற்சாலையில் இரும்பு வளைப்பவன், மற்றவர். அண்ணி ரதி அட்டைப்பெட்டி மடிப்பவள், மற்றவர். கோவிலுக்குப் போகிறவர்கள், லொத்தர்ச் சீட்டு வாங்குகிறவர்கள், பஸ்ஸில் சத்தமாகத் தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் மற்றவர்கள். இப்படிப்பட்டவள் படுத்தது அண்ணனுடைய வீட்டு வரவேற்பறைச் சோபாவில். வேலை முடிந்து ராகுலன் வந்து லைற் போட்டால் எழும்ப வேண்டும். ரதி விடிய எழும்பித் தேங்காய் துருவினால் எழும்ப வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு கதவு. உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளச் சொந்தமாக ஒரு கதவு.

நிரந்தர வேலை இல்லாதவருக்கு யாரும் வீடு வாடகைக்குக் கொடுப்பதில்லை. நிரந்தர வேலை கொடுக்கக்கூடியவர் சண்முகலிங்கம் அங்கிள். ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இரண்டு அறை. கீழே கொத்துரொட்டிக் கடை. அந்த வாசத்துக்கு நடுவே ரை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தன்னைச் சுற்றாடல் ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளும் மனிதர். பெரிய கம்பனிகள் சுரங்கம் தோண்டப் போகும் இடத்தில் என்ன செடி, என்ன பிராணி என்று எழுதிக் கொடுப்பது அவருடைய தொழில். அவரும் மற்றவர்களில் ஒருவர்தான். ஆனால் நிரந்தர வேலைக்கான கடிதம் அவர் கையில் இருந்தது.

"உந்த ரிப்போட்டை ஒழுங்காச் செய்து தாரும் பிள்ளை," என்றார். "பேர்மனன்ற் ஆக்கிவிடுறன்."

தொண்ணூற்றியேழு ஓகஸ்ட் மாதம். இடம், பிரிட்டிஷ் கொலம்பியாவின் உள்ளே ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கு.

"கனடாவிலை பாலைவனமோ? ஆருக்குக் கதை விடுறாய்?" என்றாள் ரதி.

"இருக்கு, அண்ணி."

"இருந்தாலும் அங்க எழுத என்ன கிடக்கும்?"

"செடி."

"பாலைவனத்திலை செடி எண்ண ஒரு ஆள். அந்த ஆளுக்குச் சம்பளம். நான் இங்க பெட்டி மடிச்சு மடிச்சு முதுகு வளைஞ்சு போனன்."

நிலாணி பயணப் பையை இழுத்து மூடினாள். மற்றவர்களுக்குப் பதில் சொல்லி என்ன ஆகப்போகிறது.

முகாம் என்றால் நான்கு கூடாரம். கல் ஆராய இரண்டு வெள்ளைக்காரர், செடி எழுத நிலாணி, சமைக்க ஒருவர். பள்ளத்தாக்கைப் பார்த்த உடனே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வீடு கட்டி முடித்தவன் மிச்சக் கல்லையும் மண்ணையும் கொட்டிவிட்டுப் போன மாதிரி ஒரு இடம். இருந்தாலும் எழுதினாள், எழுதுவதில் அவள் கெட்டிக்காரிதான். நடுவே வற்றிப்போன ஆறு, வெறும் உருளைக்கல். அதன் கரையோரம் மட்டும் முள்ளுப் பற்றை, காட்டு ரோஜா. தாழ்ந்த இடத்தில் உப்புப் பூத்து வெள்ளையாகக் காய்ந்த தரை. அதில் தடித்த இலையோடு சிவப்புக் கீரை மாதிரி ஏதோ படர்ந்து கிடந்தது. சரிவுகளில் உடைந்த பாறை, பாறைமேல் செம்மஞ்சள் பாசி. கரைக்கு மேலே மேசை மாதிரித் தட்டையான கல்மேடு. அங்கே முழங்காலளவு சேஜ் பற்றைகள், நரைத்த தலைகளைப் போல, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை. இலையைக் கசக்கினால் கற்பூரமும் கசாயமும் கலந்த மணம். பற்றைகளுக்கு நடுவில் நாகதாளிக் கள்ளியின் குட்டி இனம் ஒன்று. பெருவிரல் அளவுதான். தொட்டால் கழன்று சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். மழை பெய்து எத்தனை வாரமோ. புல் எல்லாம் வைக்கோல் நிறம்.

கயிறு கட்டி ஆறு சதுரம் அடையாளமிட்டு, ஒவ்வொன்றிலும் உள்ளதை எழுத வேண்டும். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு படம். படத்தில், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கோலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்க வேண்டும். செடியின் உயரம் கம்பனிக்காரனுக்கும் விளங்க வேண்டும் என்று அங்கிள் போட்ட சட்டம் அது. வெள்ளைக்காரர்களுக்கு வேறு வேலை. மிஞ்சியது சமையல்காரர்.

அவர் பெயர் நீக்கிலாப்பிள்ளை. மன்னார்ப் பக்கம். பார்க்டேலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவரை அங்கிள் மலிவாகப் பிடித்து அனுப்பியிருந்தார். தலையில் எப்போதும் வெயிலுக்குச் சுற்றிய ஈரத் துவாய். வாய் ஓயாது.

"பிள்ளை, உந்தப் பத்தையளை ஆடு திண்டிட்டுத் துப்பின மாதிரிக் கிடக்கு."

"ம்."

"பிள்ளை, நீர் எந்த ஊர்?"

"கோலை நேராப் பிடியுங்கோ."

"எங்கட ஊர் எண்டால் உந்தக் காத்துக்கு இப்ப கருவாடு காய்ஞ்சிடும்."

அவரை அவள் அண்ணை என்றோ அங்கிள் என்றோ ஒருநாளும் கூப்பிட்டதில்லை. முகத்தைப் பார்த்துப் பேசியதும் இல்லை. துவாய்க்குக் கீழே என்ன முகம் இருந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. காற்று இரைச்சலில் குரல் கேட்காது என்பதால், கோலை ஊன்றியதும் கல்லில் இரண்டு தரம் தட்ட வேண்டும் என்று பழக்கியிருந்தாள். டொக்… டொக்… அவள் படம் எடுப்பாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த உறவு.

ஐந்து சதுரம் முடிந்தது. ஆறாவது, கல்மேட்டின் கடைசியில், முகாமிலிருந்து வெகு தூரம். முந்தின நாளே அவரிடம் கோலை அங்கே கொண்டுபோய் வைக்கச் சொல்லியிருந்தாள். கடைசி நாள் காலை அவள் தனியாக நடந்து போனாள்.

அவர் முந்தியே வந்து நின்றார். கையில் கோல். துவாய் இன்று முகத்தையும் மூடியிருந்தது.

"பரவாயில்லை, நேரத்துக்கு வந்திட்டியள்," என்றாள்.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஆறு நாளில் முதல்தடவையாக வாயை மூடிக்கொண்டு ஒரு மனிதர். கயிற்றைக் கட்டினாள். எழுதத் தொடங்கினாள். சேஜ், நாகதாளி, காய்ந்த புல், வெறும் தரை. பிறகு நடுவில் அதைக் கண்டாள்.

ஒரு பச்சைக் கீற்று. இடுப்பளவு உயர்ந்த காட்டுப் புல், நெருக்கமாக. இரண்டு அடி அகலம். ஒரு அந்தத்தில் நாலைந்து கல் குவிந்து கிடந்தது. இந்தப் புல் ஆழமான, இளகிய மண்ணில் மட்டும் வரும். காங்கிரீற் மாதிரி இறுகிய இந்த மேட்டில் அதற்கு என்ன வேலை? சுற்றிவர எல்லாம் வைக்கோல். இது மட்டும் நேற்று நட்ட நெல்லைப் போல நின்றது. நீளத்தை அளந்தாள். ஒன்று எண்பது மீற்றர். குறித்துக்கொண்டாள்.

"அந்தப் பச்சைக்குள்ளை போய் நில்லுங்கோ."

போய் நின்றார்.

டொக்… டொக்…

படம் எடுத்தாள். சாமான்களை அடுக்கினாள். வாகனம் மத்தியானம் புறப்படும். அதைப் பிடித்தால்தான் விமானம். திரும்பி நடக்கும்போது, சின்ன வயதிலிருந்து பழகிப்போன வாய், அவளைக் கேட்காமலே விடைபெற்றது:

"சரி. போட்டு வாறன்."

துவாய்த் தலை ஒரு தரம் ஆடியது.

முகாமில் சமையல் கூடாரம் சாத்திக் கிடந்தது. சமையல்காரர் எங்கே என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்தாள்.

ஒக்ரோபரில் அறிக்கையை எழுத உட்கார்ந்தாள். பகலில் ராகுலனும் ரதியும் வேலைக்குப் போய்விடுவார்கள். சாப்பாட்டு மேசையில் ரதியின் ஊறுகாய்ப் போத்தல்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, படங்களைப் பரப்பினாள். ஐந்து படத்தில் நீக்கிலாப்பிள்ளை பல்லெல்லாம் தெரிய, கலியாண வீட்டுப் படத்துக்கு நிற்பது போல நின்றார். கோலில் ஒரு பட்டை இருபது சென்ரிமீற்றர். அவருடைய தலை எட்டாவது பட்டையைச் சற்றுத் தாண்டியது. ஐந்திலும் அப்படித்தான்.

ஆறாவது படத்தை எடுத்தாள். தலை ஒன்பதாவது பட்டையில், சரியாக முடிந்தது.

கமராவைச் சரித்துப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்தாள். அல்லது அந்த மனிதர் கோலை ஒழுங்காக ஊன்றவில்லை. படிக்காத ஆட்களை வைத்து வேலை செய்தால் இப்படித்தான். ஒன்பதை இருபதால் பெருக்கினாள். ஒன்று எண்பது. இந்த இலக்கத்தை எங்கேயோ எழுதினோமே என்று குறிப்பைப் பார்த்தாள்.

பச்சைக் கீற்றின் நீளம்.

தற்செயல் என்றாள் வாய்விட்டே. வேறு என்ன?

படத்தை மறுபடி பார்த்தாள். அவர் புல்லுக்குள் நின்றார். இடுப்புவரை புல். நடந்து போய் நின்றிருந்தால் ஒரு தாளாவது மடங்கியிருக்க வேண்டும். ஒன்றும் மடங்கவில்லை. நேராக, அவரைச் சுற்றி, அவரோடு சேர்ந்து முளைத்த மாதிரி நின்றது.

டொக்… டொக்…

பல்கனிப் பக்கமிருந்து கேட்டது.

எழும்பிப் போய்த் திரையை விலக்கினாள். ராகுலனின் பழைய சைக்கிள், அரிசிச் சாக்கு, வெயில். வேறு ஒன்றும் இல்லை. மேல்வீட்டில் யாரோ ஆணி அடிக்கிறார்கள். அவர்களும் மற்றவர்கள்தான்.

அடுத்த நாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும். எப்போதும் இரண்டு தரம். அவள் பேனையை எடுத்து ஆறாவது சதுரம் என்று எழுதினால் கேட்கும். நிறுத்தினால் நிற்கும்.

அந்த வாரக் கடைசியில் ரதி மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"நீ என்ன, மருந்து ஏதும் பூசினனியோ?"

"இல்லையே."

"எலிவேற்றருக்கை ஒரே மணம். கற்பூரம் மாதிரி… கசாயம் மாதிரி. எங்கட கதவடியிலை கூட."

நிலாணிக்கு அந்த மணம் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. சொல்லவில்லை. சப்பாத்தில் ஒட்டி வந்திருக்கும் என்று சப்பாத்தை எடுத்துக் குப்பைக் குழாயில் போட்டாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ரதிக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. நிலாணி கீழே கடைக்குப் போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தக் கட்டடத்தில் யார் வந்தாலும் கீழ் லொபியிலிருந்து வீட்டு ரெலிபோனுக்கு அடிப்பார்கள். ஒன்பதை அமத்தினால் வாசல் திறக்கும்.

"உன்ரை ஆரோ வந்திருக்கினம். வழியிலை காணேல்லையோ?" என்றாள் ரதி, போர்வைக்குள் இருந்து.

"ஆர்?"

"ஆரெண்டு தெரியாது. லொபியிலை இருந்து அடிச்சவர். நான் ஒன்பதை அமத்திப்போட்டன்."

"பேர் கேக்கேல்லையே?"

"ஒரே காத்துச் சத்தம். தமிழ் ஆள்தான். 'வாறன்' எண்டார்."

"வேறை?"

"அது மட்டும்தான். 'வாறன்'. வாய்க்குள்ளை மண் அடைஞ்ச மாதிரிக் குரல். பாவம், அவருக்கும் காய்ச்சலாக்கும்."

பாண் பை கையிலேயே இருந்தது.

டொக்… டொக்…

இந்தத் தடவை பல்கனியில் இல்லை. கதவில்.

"திறவன்," என்றாள் ரதி.

நிலாணி கதவின் கண்ணாடித் துளையால் பார்த்தாள். நீளமான நடைபாதை. மஞ்சள் லைற். ஒருவரும் இல்லை. காத்திருந்தாள். ஒருவரும் இல்லை. சங்கிலியைப் போட்டுக்கொண்டு மெல்லத் திறந்தாள்.

கார்ப்பெட்டில் ஒரு பிடி மணல். மணலுக்கு நடுவில் பெருவிரல் அளவில், முள்ளோடு, ஒரு நாகதாளித் துண்டு.

பச்சையாக இருந்தது.

ரதி நித்திரையான பிறகு நீக்கிலாப்பிள்ளைக்கு ரெலிபோன் எடுத்தாள். கையில் ஆறாவது படம் இருந்தது. குரலைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். இது அந்த மனிதரின் சேட்டையாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நல்லது.

"ஆர், பிள்ளையோ?" அவருக்குச் சந்தோசம். "அதிசயமாக் கிடக்கு. என்ன, மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்து வைச்சிருக்கிறீரோ?"

"ஸ்காபரோவுக்கு வந்தனீங்களோ இண்டைக்கு?"

"நான் ஏன் வாறன்? கடையிலை வெங்காயம் உரிக்கிறன்."

"ஆறாவது சதுரத்திலை ஏன் முகத்தை மூடினனீங்கள்? கோலும் சரிவு."

"ஆறாவதோ?" சிரித்தார். "ஆறாவதுக்கு நான் வரேல்லையே பிள்ளை."

"வந்தனீங்கள். நீங்கள்தான் கோல் பிடிச்சனீங்கள்."

"அண்டைக்கு எனக்குப் பல்லுக்குத்து. விடியவே மற்ற வெள்ளையோடை ரவுணுக்குப் போட்டன். பல்லுப் புடுங்கி, பின்னேரம்தான் வந்தனான். அதுக்கு முதல்நாள் உம்மட்டைச் சொன்னனான். நீர்தான் ஆக்களின்ரை முகத்தைப் பாத்துக் கதைக்கிறேல்லையே, எங்க காதிலை ஏறியிருக்கப்போகுது?"

அவள் படத்தில் அந்த மூடிய முகத்தைப் பார்த்தாள்.

"கோலைத் தேடியும் போனனான். காணேல்லை. அதுக்கு அந்தச் சண்முகலிங்கத்திட்டை ஏச்சும் வாங்கினன்." பிறகு அவருடைய சிரிப்பு நின்றது. "பிள்ளை… அப்ப அங்க நிண்டது ஆர்?"

அவள் படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"கல்லுக் குவிஞ்சு கிடந்த இடமெல்லே அது? நீர் அந்த ஆளோடை கதைச்சனீரோ?"

"கொஞ்சம்."

"வெளிக்கிடேக்கை என்ன சொன்னனீர்?"

செத்தவீட்டுக்குப் போனால் திரும்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. போய்விட்டுத் திரும்ப வருவேன் என்கிற அந்தப் போட்டு வாறனை அந்த முற்றத்தில் வைத்து வாயிலே எடுக்கக் கூடாது. அவளுக்குத் தெரியாததா? அம்மா எத்தனை தரம் வாயில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். படித்த பிறகு அதையும் மற்றவர்களுடைய மூடத்தனங்களோடு சேர்த்துத் தூக்கி எறிந்திருந்தாள்.

"போட்டு வாறன் எண்டு…"

"யேசுவே," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "இனி எனக்கு எடுக்காதையும் பிள்ளை."

வைத்துவிட்டார். மூன்று மாதத்துக்கு முன் அவள் ஏறிட்டும் பார்க்காத மனிதர், இப்போது அவளோடு பேசப் பயந்தார்.

அடுத்த நாள் அங்கிளிடம் போனாள். கீழே கொத்துரொட்டிச் சத்தம். டொக் டொக் டொக் டொக் என்று விடாமல் கொத்தினார்கள். அவள் வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தச் சத்தம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"அங்கிள், ஆறாவதை விடுவம். அஞ்சு போதும்."

"ஏன்?"

"அது… சரியில்லை."

"சரியில்லாட்டிச் சரியாக்கும். ஆறு எண்டு கையெழுத்து வைச்சாச்சு. அஞ்சு குடுத்தால் கம்பனி என்னைத் தூக்கி எறியும், நான் உம்மைத் தூக்கி எறிவன். உமக்கு வேலை வேணுமோ, வேண்டாமோ?"

அவள் சோபாவை நினைத்தாள். தேங்காய் துருவும் சத்தத்தை நினைத்தாள். கதவை நினைத்தாள்.

எழுதினாள். எழுதும்போது முழு நேரமும் பல்கனியில் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் நிமிரவில்லை. கீற்றின் நீளம், அகலம், புல்லின் உயரம், தலைப்பக்கத்துக் கல். கடைசி வரியாக, அவளுக்குள் இருந்த ஒழுங்கான தாவரவியலாளர் உண்மையையும் எழுதிவிட்டாள்: இந்த இடத்தில் மண் ஒருகாலத்தில் ஆழமாகக் கிளறப்பட்டிருக்க வேண்டும்.

முற்றுப்புள்ளி வைத்தாள்.

தட்டுவது நின்றது.

கடிதம் கிடைத்தது. அதே கட்டடத்தில், ஆறாம் மாடியில், ஒரு சின்ன வீடு. நிலாணிக்குச் சொந்தமாகக் கதவு வந்தது. கதவில் மூன்று பூட்டு. லொபிப் பலகையில் அவளுடைய பெயரும் ஏறியது. அதை எடுக்கச் சொல்லி மனேஜரோடு சண்டை பிடித்தாள், அவன் எடுக்கவில்லை. சில மத்தியானங்களில் லொபியிலிருந்து ரெலிபோன் அடிக்கும். அவள் எடுக்கமாட்டாள். ஒன்பதை அமத்தவே மாட்டாள். இருபது தரம் அடித்து ஓயும்.

மே மாதத்தில் அங்கிள் ஒரு செய்தி கொண்டுவந்தார். கம்பனிக்காரர் அறிக்கையை வாசித்துவிட்டு, பொலிசைக் கூட்டி வந்து கீற்றைத் தோண்டினார்களாம். ஒரு மனிதனின் எலும்பு. நல்ல உயரமான ஆளாம். சப்பாத்து ஆணிகளைப் பார்த்தால் நூறு வருசத்துக்கு முந்தித் தங்கம் தேடிப் போனவனாக இருக்கலாம் என்றார்களாம். பெயர் தெரியாது. ஊர் தெரியாது.

"ஒரு வெள்ளைக்காரன் பிள்ளை, பாவம். ஆரும் கவனிக்காமல் கிடந்திருக்கிறான். உம்மாலைதான் கண்டுபிடிச்சது." அங்கிள் பெருமையோடு ரையைச் சரிசெய்தார்.

வெள்ளைக்காரன். தமிழ் தெரியாதவன். நூறு வருசத்தில் அவனோடு பேச வந்த ஒரே ஆள் அவள். அவள் விட்டுவிட்டு வந்த சொல்லில் கடைசி ஒன்றைத்தான் அவன் பிடித்து வைத்திருந்தான்.

வாறன்.

"எலும்பை எடுத்து ஒழுங்கா அடக்கம் செய்தாச்சு," என்றார் அங்கிள். "ஓகஸ்டிலை திரும்பப் போகவேணும். ஒரு வருசத்துக்குப் பிறகும் பாக்கிறது ஒப்பந்தத்திலை இருக்கு. நீர்தான் போறீர்."

போகவில்லை. ஓகஸ்டில் அவளுக்கு முதுகுவலி வந்தது. டொக்டரிடம் லீவுத் துண்டு எழுதி வாங்கிக் கொடுத்தாள். அங்கிள் முறைத்தார். புதிதாகச் சேர்ந்த கிறிஸ்ரினாவை அனுப்பினார். நல்ல பிள்ளை, வாயாடி. நிலாணி அவளையும் மற்றவர்களோடு சேர்த்திருந்தாள். அடக்கம் செய்தாகிவிட்டது, தட்டும் சத்தமும் இல்லை, நான் போகவும் இல்லை; முடிந்தது என்று நினைத்தாள்.

வேலை முடிந்து, அங்கே ஒரு மோட்டலிலிருந்து கிறிஸ்ரினா ரெலிபோன் எடுத்தாள். நிலாணி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

"அக்கா, நீங்கள் ஆறாவதிலை ஒரு கீத்து எண்டெல்லே எழுதியிருக்கிறியள்?"

"ஓம்."

"இப்ப ரெண்டு."

"கிண்டின மண்ணிலை புல்லு வந்திருக்கும்."

"இல்லை அக்கா. கிண்டின இடம் செத்துப்போய்க் கிடக்கு. இது அதுக்குப் பக்கத்திலை. பொலிஸ் இதையும் கிண்டிப் பாத்தவை."

"என்ன இருந்தது?"

"ஒண்டும் இல்லை. கல்லு மாதிரி மண். ஒருத்தரும் ஒருநாளும் கைவைக்காத மண்ணாம். அதிலை உந்தப் புல்லு எப்பிடி வந்தது எண்டுதான் விளங்கேல்லை. வெட்டினதும் திரும்ப எழும்பிட்டுது. நல்ல பச்சை."

நிலாணி கதவின் மூன்று பூட்டையும் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கட கோலும் கிடைச்சிட்டுது அக்கா. சிவப்பு வெள்ளைக் கோல். அந்தக் கீத்தின்ரை தலைமாட்டிலை நேரா ஊண்டியிருக்கு. ஆர் ஊண்டினதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"நீளம்… கீத்தின்ரை நீளம் என்ன?"

"பழசைவிடக் கட்டை. பொறுங்கோ, பாத்துச் சொல்லுறன்."

கடதாசி புரளும் சத்தம்.

"ஒண்டு ஐம்பத்தேழு."

நிலாணி ரெலிபோனைக் காதிலிருந்து இறக்கினாள்.

"அக்கா? நிக்கிறியளோ?"

நிலாணியின் கைப்பை மேசையில் கிடந்தது. அதற்குள் அவளுடைய சாரதி அனுமதிப்பத்திரம். ஒன்ராறியோவில் அதில் பெயருக்கும் விலாசத்துக்கும் கீழே ஆளின் உயரத்தையும் சென்ரிமீற்றரில் போடுவார்கள். அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

157.